நாலாவது செட்

வாக்கி டாக்கியும் செருப்பும் ஒன்று; ஜோடியாகத்தான் விற்பான். மூன்று வண்டிக்கு மூன்று வேண்டும் என்றால் இரண்டு பெட்டி வாங்கியாக வேண்டும். மிச்சமாகிற நாலாவதை சாரங்கபாணி முந்தின நாள் சாயங்காலமே பிரித்து வைத்துவிட்டார்: செட் ஃபிரிட்ஜ் தலையில், பாட்டரி மேஜை டிராயரில். முப்பத்தைந்து வருஷம் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதி ஓய்வு பெற்ற கை அது. அவர் வைத்த பென்சிலை எமனே வந்தாலும் அரை அங்குலம் நகர்த்த முடியாது.

விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவரின் கை தற்செயலாக அந்தச் செட்டின் மேல் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு மணி நேரம் யாரோ கன்னத்தோடு ஒட்டி வைத்துப் பேசிய போன் எப்படி இருக்கும், அப்படி.

ஃபிரிட்ஜ் சூடு என்று சொல்லிக்கொண்டார். டிராயரைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

வலங்கைமான் கடைத்தெருவில் டீக்கடைப் பாய்லருக்குப் பக்கத்தில் நின்று அஹமது கபீர் பாடம் நடத்தினார். ஓமானில் இருபத்தெட்டு வருஷம், பாலைவனத்தில் புதைந்த வண்டிகளை இழுத்துப் போட்டவர். அவர் பேச்சில் மணல் இன்னும் கரகரக்கும். அவர் சிரித்துப் பார்த்தவர் யாரும் இந்தத் தாலுக்காவில் உயிரோடு இல்லை.

“பட்டனை அமுக்கினா சிவப்பு லைட்டு. அப்ப நீங்க பேசலாம், மத்தவங்க பேசறது உங்களுக்குக் கேக்காது. கையை எடுத்தாதான் கேக்கும். ஒருத்தர் அமுக்கிக்கிட்டே இருந்தார்னா மத்தவன் எல்லாம் ஊமை. புரிஞ்சுதா சார்?”

“எங்க வீட்லயும் அப்படித்தான் பாய். நான்தான் அமுக்கிக்கிட்டே இருப்பேன்,” என்றாள் ஆனந்தவல்லி. அவளை யாரும் கூப்பிடவில்லை. ஓய்வுப் பணத்தில் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அறுபது வயசில் ஆற்று மணலில் ஓட்டப் போகிற புருஷனைத் தனியாக விட மனசில்லாமல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டவள். வருகிற வெள்ளிக்கிழமை திருக்கடையூரில் அவர்களுக்கு அறுபதாம் கல்யாணம். “தாலி கட்ட ஆள் முழுசா வேணும்ல” என்பது அவள் வாதம்.

அறுவடை மெஷின் வைத்திருக்கும் துரைராசு டீயை உறிஞ்சியபடி ஜீப்பைச் சுற்றி வந்தான். “அண்ணே, இது வண்டியா, இல்ல பழைய இரும்புக்குப் போறதை மடக்கி ஓட்டிக்கிட்டு வந்தீங்களா?”

கபீர் இரண்டு செட்டை எடுத்து அருகருகே பிடித்து ஒன்றின் பட்டனை அமுக்கினார். மற்றது ஊளையிட்டது. சாதாரண ஊளையா அது. பாய்லர் மூடி நடுங்கியது. பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிய ஓட்டத்துக்கு நீடாமங்கலம் ஜங்ஷனில்தான் நின்று மூச்சு வாங்கியிருக்கும்.

“ரெண்டு செட்டு கிட்டக்க இருந்தா இப்படித்தான். தூரம் போகப் போக ஊளை கொறையும், பேச்சு தெளிவா வரும். அதனால வண்டிக்கு ஒன்னுதான். அப்புறம், சொல்லாம வண்டியை விட்டு இறங்கக்கூடாது. பனியில இறங்கினவனைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் எண்ணிக்கை கேப்பேன். வரிசையா நம்பர் சொல்லணும்.”

“ஒன்னுன்னு ஆரம்பிக்க வேணாம் பாய். நம்ம களத்துல லாபம்னுதான் ஆரம்பிப்பாங்க,” என்றான் துரைராசு.

“எதை வேணாலும் சொல்லுங்க. ஆனா கடைசி வண்டி, சார் நீங்கதான், மூணு, முடிஞ்சுதுன்னு சொல்லணும். அப்பதான் பின்னாடி யாரும் விடுபடலைன்னு எனக்குத் தெரியும்.”

சாரங்கபாணியின் நாக்கு அங்கேயே மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெல் அளக்கிற இடத்தில் ‘முடிஞ்சுது’ என்று வாயால் சொல்லக் கூடாது. ‘பொலி’ என்று சொல்லி, இன்னும் பெருகட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஒன்பது வயசில் ஒரு தடவை களத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அப்பாவிடம் நெல் அளக்கிற மரக்காலாலேயே வாங்கிய அடி இன்னும் மண்டையில் புடைப்பாக இருக்கிறது. அதிலும் இப்போது. அறுபது வருஷச் சுற்று முடிய ஐந்தே நாள் இருக்கிறபோது, எவன் தன் வாயாலேயே முடிஞ்சுது என்பான்?

“பொலின்னு சொல்லலாமா பாய்?”

“பொலின்னா இன்னும் வரட்டும்னு அர்த்தம். வரவேணாம் சார். யாரும் வரவேணாம்.”

ஆறு மணிக்குக் கும்பகோணம் தாண்டி, கொள்ளிடத்தின் தென்கரையிலிருந்து மூன்று வண்டியும் ஆற்றுக்குள் இறங்கின. தண்ணீர் நின்று மூன்று வாரம். கண்ணுக்கெட்டிய தூரம் மணல் என்று சொல்ல வேண்டும். ஆனால் கண்ணுக்கு எட்டியது பானெட் வரைக்கும்தான். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அன்றைய பனி மச்சைத் துளைத்து, பரணில் கிடந்த அண்டாவைத் துளைத்து, அதற்கு அப்பாலும் போயிருக்கும். கத்தியால் வெட்டி எடுத்துச் சாக்கில் கட்டினால் ஐம்பது மூட்டை தேறும். அழுகின நாணலும் ஈரக் களிமண்ணும் எங்கோ செத்த மீனும் சேர்ந்த வாடை வண்டிக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. முன்னால் துரைராசு வண்டியின் இரண்டு சிவப்பு விளக்குகள் தவிர உலகம் என்று ஒன்று இருப்பதற்கு வேறு அத்தாட்சி இல்லை. ஆனந்தவல்லி வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு, மப்ளரைக் காதுக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப் போயிருந்தாள். வைப்பர் ஒவ்வொரு தடவையும் திரும்பும்போது கீச் என்றது. எண்ணெய் விட வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

செட் உயிர் பெற்றது. “எண்ணிக்கை. லாபம். ஓவர்,” என்றது கபீரின் குரல்.

“ரெண்டு. ஓவர்.”

சாரங்கபாணி பட்டனை அமுக்கினார். சிவப்பு எரிந்தது. சொல்லத்தான் நினைத்தார். தொண்டைக்குள் அப்பாவின் மரக்கால் குறுக்கே நின்றது.

“மூணு,” என்றார். “பொலி.”

கையை எடுத்தார். செட் ஒரு விநாடி இரைந்தது.

“நாலு.”

பதரைக் கையில் வைத்துக் கசக்கினால் வருகிற சத்தம். அதை ஒரு குரலாகக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. ஆணா பெண்ணா தெரியவில்லை. அவசரமில்லை. நெடுநேரம் வரிசையில் நின்று தன் முறை வந்தவனின் நிதானம்.

“யாருய்யா அது நாலு?” கபீரின் குரலில் மணல் பறந்தது. “துரைராசு, வெளையாடாத.”

“நான் இல்ல பாய். சாரங்கண்ணன் வாயை மூடிக்கிட்டுப் பேசுறாரு போல. ரிட்டயர் ஆன மனுசன், பொழுது போகல.”

“சார்?”

“நான் இல்லைங்க பாய்.”

“கரை மேல எவனோ இதே மாதிரி செட்டு வச்சிருக்கான். எல்லாரும் ஏழாம் சேனலுக்கு மாத்துங்க. முன்னாடி போற தடத்துலயே வாங்க. மணல்ல நிக்காதீங்க, நின்னா புதையும்.”

மாற்றினார்கள். ஏழாம் சேனல் சுத்தமாக, வெறுமையாக இருந்தது. மேலே எங்கோ சூரியன் எழுந்திருக்க வேண்டும். கருப்பாக இருந்த பனி வெள்ளையானதோடு சரி. இருட்டில் பயந்தால் விடியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். இது விடிந்த பிறகு வந்த குருடு. சாரங்கபாணி பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் வெள்ளை. வெள்ளைக்குள் வெள்ளை. ஒன்றும் வரவில்லை என்பதுதான் அதில் தெரிந்தது. ஆனால் ஒன்றும் வராத பாதையைப் பார்த்தால் முதுகு ஏன் இப்படிக் கூச வேண்டும்.

“எண்ணிக்கை. லாபம்.”

“ரெண்டு. அண்ணே, இந்தத் தடவை ஒழுங்கா முடிங்க. பொலியாம் பொலி. இது என்ன உங்கப்பா களமா?”

“மூணு,” என்றார். உதடு ‘மு’ என்று குவிந்தது. வெள்ளிக்கிழமை. கல்யாண மாலை. ஆனந்தவல்லி எடுத்து வைத்திருக்கும் அரக்குப் புடவை. சொன்னால் யாருக்கு முடியும்? வாய் தானாகத் திறந்தது. “மூணு. பொலி.”

“நாலு.”

இந்தத் தடவை அந்தச் சொல்லுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு விசில். கொசு காதருகே வந்து போன மாதிரி.

“கூப்பிட்டீங்கல்ல,” என்றது அந்தக் குரல். “வர்றேன்.”

கபீர் கெட்ட வார்த்தை சொல்ல மாட்டார் என்று ஊரே சத்தியம் பண்ணும். அன்றைக்குச் சொன்னார். “சார், உங்க வாயாலதான் அது உள்ள வருது. நீங்க மூடாத வரைக்கும் எண்ணிக்கை தெறந்து கெடக்கு. சொல்லித் தொலைங்க அந்த ஒரு வார்த்தையை.”

சாரங்கபாணி அந்த விசிலை யோசித்துக்கொண்டிருந்தார். டீக்கடை. இரண்டு செட். கிட்டக்க இருந்தால் ஊளை. தூரம் போகப் போகக் குறையும் என்றார் பாய்.

கிட்டே வரவர?

அடுத்த எண்ணிக்கைக்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் பாட்டன், பூட்டன், பூட்டனுக்குப் பாட்டன் எல்லாருடைய வயசும் சேர்ந்து அவருக்கு ஆகிவிட்டது. மணல் சக்கரத்தை இழுத்தது. நாணல் கதவை உரசியது, நகத்தால் உரசுவது போல. ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையில் செட். அதன் வார் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. முன்னால் சிவப்பு விளக்குகள் மங்குவதும் தெரிவதுமாக இருந்தன.

கீச். வைப்பர்.

செட்டில் பச்சை விளக்கு எரிந்தது. யாரும் பேசவில்லை. யாரோ பட்டனை அமுக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளிருந்து ஒரு விசில் கிளம்பி, தடித்து, ஊளையாகி, வண்டி முழுக்க நிறைந்தது. சத்தத்தைக் குறைத்தார். ஊளை தாழ்ந்தது, அதற்கு அடியில் வேறொரு சத்தம்.

கீச்.

கண்ணாடியில் வைப்பர் திரும்பியது. செட்டிலும் திரும்பியது. ஒரே நேரத்தில்.

அவருக்கு இருமல் வந்தது. இருமினார். செட்டும் இருமியது.

அமுக்கி வைத்திருக்கிற செட் இந்த வண்டியில் இருக்கிறது.

பட்டனை அமுக்கி, “பாய், பாய்,” என்றார். பதில் இல்லை. அமுக்கிக்கிட்டே இருந்தா மத்தவன் எல்லாம் ஊமை. பின்பார்வைக் கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று முடிவு பண்ணினார், பார்த்தார். பின்சீட்டின் இருட்டில், இழுவைக் கயிற்றுச் சுருளுக்கு மேலே, வாய் இருக்க வேண்டிய உயரத்தில், ஒரு சிவப்புப் பொட்டு.

பக்கத்தில் ஆனந்தவல்லி. தூங்குகிறாள். அவள் மூச்சு செட்டில் கேட்கிறது. அவளுடைய மூச்சுக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து எடுத்தது போல, அத்தனை தெளிவாக.

அந்தச் செட்டை எடுத்து எறிய வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது. அவள் காதருகிலிருந்து அதை எடுத்து, ஆற்றில் எறிய வேண்டும். பிரேக்கை மிதித்தார். மணலில் நிற்கக் கூடாது, நின்றார். சொல்லாமல் இறங்கக் கூடாது; இறங்கினார். இன்ஜின் ஓட, கதவு திறந்து கிடக்க, வண்டியைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போய்க் கதவை இழுத்துத் திறந்தார்.

கயிறு. ஜாக்கி. தண்ணீர் கேன்.

கயிற்றைக் கிளறினார். கேனைத் தூக்கினார். சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். ஒன்றுமில்லை. கயிற்றுச் சுருளின் நடுவில் மட்டும் வெதுவெதுப்பு.

கையிலிருந்த செட் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது.

முன்னால் டிரைவர் கதவு மூடியது. டப்.

கியர் விழுந்தது. ஜீப் ஒரு தடவை உறுமி, மணலைப் பின்னுக்கு இறைத்து, அவர் நாற்பது தடவை முயன்றும் கைவராத லாவகத்தோடு, புதையாமல், திணறாமல் கிளம்பியது. பின்கதவு ஆடி ஆடித் தானே சாத்திக்கொண்டது.

“ஆனந்தி,” என்றார். பனி அதை வாங்கி வைத்துக்கொண்டது.

ஓடினார். மணல் ஒவ்வொரு காலடியையும் பிடித்து வைத்து, யோசித்து, அப்புறம்தான் விட்டது. மணிக்கட்டில் வாரோடு செட் அடித்துக்கொண்டது. ஜீப் தூரம் போகப் போக ஊளை மெலிந்தது. விசிலானது. நின்றது. பேச்சு தெளிவாக வந்தது.

கீச்.

“என்னங்க, வண்டி ஏன் நின்னுச்சு?” ஆனந்தவல்லியின் தூக்கக் குரல்.

“ஒன்னுமில்ல. தூங்கு.”

அவருடைய குரல். பதர் இல்லை, கசகசப்பு இல்லை. அவருடைய இருமல்கூட அப்படியே.

பட்டனை அமுக்கினார். கத்தினார். சிவப்பு எரிந்தது, யாருக்கும் போகவில்லை. கையை எடுத்தார். கேட்டது. கேட்க மட்டும் முடிந்தது.

பனி இளகத் தொடங்கியிருந்தது. அவருடைய இடது பக்கம், தூரத்தில், வெள்ளைக்குள் ஒரு மேடு கறுத்துத் தெரிந்தது. கரை. ஒரு ஜோடிச் சிவப்பு விளக்கு அதில் ஏறியது. கபீர். பின்னாலேயே இன்னொரு ஜோடி. துரைராசு. ஒரு கணம் செட் இரைச்சலாகி, கபீரின் குரல் வந்தது.

“கரையேறியாச்சு. கடைசி எண்ணிக்கை. லாபம்.”

“ரெண்டு.”

சாரங்கபாணி மணலில் இடறி விழுந்தார். பட்டனை அமுக்கினார். இந்தத் தடவை சொல்லத் தயார். அந்த வார்த்தையை, எத்தனை தடவை வேண்டுமானாலும். “மூணு, முடிஞ்சுது. பாய், மூணு, முடிஞ்சுது, முடிஞ்சுது...”

மூச்சு தீர்ந்து கையை எடுத்தார்.

“மூணு,” என்று அவருடைய குரல் சொல்லிக்கொண்டிருந்தது. நிதானமாக. களத்தில் கடைசி மரக்காலைக் கவிழ்த்தவன் போல. “முடிஞ்சுது.”

“அப்படிச் சொல்லுங்க சார்,” என்றார் கபீர். அவர் சிரிப்பது முதன்முதலாகக் கேட்டது. “இப்பதான் கத்துக்கிட்டீங்க. வாங்க, டீ குடிக்கலாம்.”

மூன்றாவது ஜோடி விளக்கு கரையில் ஏறியது. வண்டிக்குள் இருந்தது மறுபடியும் பட்டனை அமுக்கியிருக்க வேண்டும். உள்ளே பேசுவது கேட்டது.

“ஏங்க, பின்னாடி ஆத்துக்குள்ள யாரோ வுழுந்து எழுந்து ஓடியார மாதிரி இருக்கே. கண்ணாடியில பாருங்க.”

கீச். வைப்பர் ஒரு தடவை போய் வந்தது.

“யாருமில்ல,” என்றது அவருடைய குரல். “மூணோட முடிஞ்சுது. மப்ளரை நல்லா சுத்திக்க. வெள்ளிக்கிழமை நமக்குக் கல்யாணம்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இரைச்சலானது. மூன்று ஜோடி விளக்குகளும் கரைக்கு அந்தப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஆற்றில், நெஞ்சளவுப் பனிக்குள், ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் எரிந்து அணைந்தது, எரிந்து அணைந்தது. அதற்குப் பின்னால் ஒரு வாய் திறந்து திறந்து மூடியது.

“நாலு,” என்றது அது. “நாலு. நாலு.”